அரைகுறை என்ற சொல்லும் என் வீட்டுக்காரரும்

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டி.டி.பி. சென்டரில் கல்யாணப் பத்திரிகை டைப் அடிப்பது என் வேலை. தெலுங்கிலும் அடிப்பேன், தமிழிலும் அடிப்பேன். பிச்சாட்டூர் பக்கம் பிறந்து, தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்து, தமிழ் எழுத்தை வீட்டில் நைனாவிடம் கற்றுக்கொண்டவள் நான். இங்கே இருப்பவர்கள் என்னை அரவம், அதாவது தமிழ், பேசுகிறவள் என்பார்கள். எல்லை தாண்டித் திருத்தணிக்குப் போனால் தெலுங்கம்மா என்பார்கள். நான் பேசுவது அரகொற என்பதில் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

தமிழில் அரைகுறை. எங்கள் ஊர் வாயில் அரகொற. தெலுங்கிலும் அதே அரகொரதான். எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிற சொல். ஆனால் வேலை கொஞ்சம் வேறு. தெலுங்குப் பேப்பரில் அரகொர வசதிகள் என்று தலைப்பு வந்தால், வசதி போதவில்லை என்று பொருள். தமிழில் அரைகுறை வேலை என்றால், ஆரம்பித்தவன் நடுவில் எழுந்து டீ குடிக்கப் போனவன் திரும்பி வரவில்லை என்று பொருள். என் வீட்டில் இரண்டுமே உண்டு, அதனால் எனக்குக் குழப்பம் வந்ததில்லை.

பத்திரிகை வேலை இல்லாத ஆடி மாதத்தில் கடையில் உட்கார்ந்து இந்த மாதிரிச் சொற்களைப் பிரித்துப் போடுவது என் பொழுதுபோக்கு. அரை என்றால் பாதி. குறை என்றால் இன்றைய பேச்சில் இல்லாதது, போதாதது. பழைய தமிழில் குறைத்தல் என்றால் வெட்டுவது என்று ஒரு பொருள் உண்டு. வெட்டிய துண்டுக்கும் குறை என்றே பெயர். வெட்டுப்பட்டதால் இல்லாமல் போனதை நாம் குறை என்று சொல்ல ஆரம்பித்தோம் என்பது என் ஊகம், எந்தப் பண்டிதரிடமும் கேட்டு உறுதி செய்யவில்லை. ஆபீசுக்காரர்கள் முடியாத வேலையைப் பெண்டிங் என்பார்கள். அது தொங்குவது. நிலுவை என்பார்கள். அது நிற்பது. தொங்குவது ஒருநாள் இறங்கும், நிற்பது ஒருநாள் நடக்கும் என்று நம்ப இடம் இருக்கிறது. பாதி என்று சொன்னால்கூட மீதி எவ்வளவு என்று தெரியும். அரைகுறையில் மட்டும் எவ்வளவு ஆயிற்று, எவ்வளவு ஆகவில்லை என்று எதுவும் தெரியாது. அது பாட்டுக்குக் கிடக்கும்.

என் வீட்டுக்காரர் வயரிங் வேலை செய்கிறவர். புத்தூர் ஆள். திருச்சானூரில் இருக்கிற லாட்ஜுகளில் பாதிக்கு அவர்தான் வயர் இழுத்திருக்கிறார். லாட்ஜ் வேலையை ஒழுங்காக முடிப்பார், ஏனென்றால் அங்கே முடிக்காவிட்டால் திட்டுவார்கள். நானும்தான் திட்டுகிறேன். அது கணக்கில் வராது போலிருக்கிறது. நாங்கள் குடியிருக்கும் வீட்டில் சமையலறை ஸ்விட்ச் போர்டு, கல்யாணமான வருடத்திலிருந்து இரண்டு வயரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதைத் தொடும்போதெல்லாம் மரக் கரண்டியால்தான் தொடுவேன். ஒருமுறை மாடிப்படியில் வழுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். எலும்புக் கட்டுக்குப் பேர்போன அந்தப் புத்தூருக்கே போய்க் கட்டு கட்டிக்கொண்டு வந்தார். மூன்று கட்டுக்கு வரச் சொன்னார்கள். இரண்டாவது கட்டோடு முட்டி குணமாகிவிட்டது என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். இப்படிப்பட்டவரோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அரைகுறை என்ற சொல்லின் மேல் ஆராய்ச்சி வருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

எங்கள் மகள் ஏழாவது மாதத்தில் பிறந்தாள். கடையில் ஒரு பத்திரிகைக்குப் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தபோது வலி வந்தது. மணமகன் பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்ததைத் திருத்திவிட்டுத்தான் ஆட்டோ ஏறினேன். ஆஸ்பத்திரியில் குழந்தையை என்னிடம் காட்டாமலே கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என் உள்ளங்கையை விரித்து வைத்தால் அதில் படுக்க வைக்கலாம் என்று பார்த்துவிட்டு வந்த நாத்தனார் சொன்னாள். ஆறுதலுக்காகச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

தமிழில் இதைக் குறைப்பிரசவம் என்கிறோம். தெலுங்கில் நெல தக்குவ, அதாவது மாசம் குறைவு. தெலுங்கில் ஒருவனை முட்டாள் என்று திட்டவும் இதே நெல தக்குவதான். அதுவரைக்கும் நானும் எத்தனையோ பேரை அப்படித் திட்டியிருக்கிறேன். அதே வார்த்தையை எழுதிப் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்த நாளோடு நிறுத்திவிட்டேன்.

நாலாம் நாள் டாக்டர், இன்னும் எதுவும் சொல்ல முடியாது என்று சொன்னார். என் வீட்டுக்காரர் வார்டுக்கு வெளியே இருந்த படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் மலை தெரியும். எழுந்து வந்து என் கட்டில் பக்கத்தில் நின்றார்.

“மொக்கிக்கினேன்” என்றார்.

“இன்னான்னு?”

“அலிபிரியிலேர்ந்து மேல வரிக்கும், ஒரு மெட்டு விடாம மஞ்சா குங்குமம் வெக்கிறேன்னு. இவ பொழச்சா.”

மொக்கு என்றால் வேண்டுதல், மெட்டு என்றால் படி. அந்த வேண்டுதலைச் சாதாரணமாகப் பெண்கள்தான் செய்வார்கள். குனிந்து, மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, நிமிர்ந்து, அடுத்த படிக்குக் குனிந்து என்று மலை உச்சிவரை போக வேண்டும். சும்மா ஏறுகிறவர்களுக்கே நாக்குத் தள்ளும். வேறு எந்த ஆம்பிளை சொல்லியிருந்தாலும் எனக்குக் கண் கலங்கியிருக்கும். இவர் சொன்னதும் ஸ்விட்ச் போர்டுதான் ஞாபகத்துக்கு வந்தது. சாமிக்கு இவரைப் பற்றித் தெரியாமல் இருந்தால் நல்லது என்று மட்டும் நினைத்தேன்.

குழந்தை பிழைத்தாள். ஒன்றரை மாதம் கழித்து வீட்டுக்குத் தூக்கிவந்தோம்.

முதல் பிறந்தநாளுக்கு அவர் மஞ்சள் டப்பாவும் குங்குமமும் எடுத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினார். மத்தியானம் வந்துவிட்டார். பாதி வழியில் இருக்கிற காலி கோபுரம் வரைக்கும் வைத்தாராம், முட்டி விட்டுப்போயிற்றாம். மூன்றாவது கட்டு கட்டாத முட்டி. சரி, அடுத்த வாரம் அங்கிருந்து ஆரம்பியுங்கள் என்றேன். அப்படிச் செய்யக்கூடாதாம். அலிபிரி அடிவாரத்தில் மஞ்சள் குங்குமம் விற்கிற அம்மா சொன்னாளாம், பாதியில் இறங்கிவிட்டால் மறுபடியும் முதல் படியிலிருந்துதான் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்று. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை. கரண்ட் ஆபீசில் உங்கள் வேலை நாளைக்குத்தான் என்று சொன்னால் நிம்மதியாக வீட்டுக்கு வருவாரே, அந்த முகம்.

அதிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை போனார். ஒரு வருடம் மழை. ஒரு வருடம் குங்குமம் தீர்ந்துபோயிற்று. ஒரு வருடம் லாட்ஜிலிருந்து போன் வந்து, லிஃப்டுக்குள் மாப்பிள்ளை வீட்டார் மாட்டிக்கொண்டார்கள் என்று இறங்கி ஓடிவந்தார். ஒரு வருடம் காலி கோபுரத்துக்கும் மேலே இருக்கிற மான் பூங்காவைத் தாண்டிவிட்டார் என்று கேள்விப்பட்டு நான் பாயசம் வைத்தேன். அன்றைக்குச் செருப்பு விட்ட இடம் மறந்துபோயிற்றோ என்று சந்தேகம் வந்து திரும்பிவிட்டாராம். ஒவ்வொரு தடவையும் முதல் படியிலிருந்து. கீழே இருக்கும் படிகளுக்கு எங்கள் வீட்டு மஞ்சள் எட்டுத் தடவை கிடைத்தது. மேலே இருக்கும் படிகள் அவர் முகத்தையே பார்த்ததில்லை. மலைக்குக் கீழேயே குடியிருப்பவர்களுக்கு இந்த வியாதி உண்டு. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் ஒரே மூச்சில் ஏறி வேண்டுதலை முடித்துவிட்டு ரயிலைப் பிடித்துப் போய்விடுகிறார்கள். எங்களுக்கு நாளைக்கும் மலை இங்கேதான் இருக்கும்.

மகள் ஒல்லியாக வளர்ந்தாள். கண்ணாடி போட்டாள். சளி பிடித்தால் மற்றப் பிள்ளைகளுக்கு மூன்று நாள், இவளுக்குப் பத்து நாள். மற்றபடி நன்றாகத்தான் இருந்தாள், வாய் நிறையப் பேசினாள், என்னை மாதிரியே தமிழைத் தெலுங்கில் தொட்டுக்கொண்டு பேசினாள். ஆனால் அவளுக்குக் காய்ச்சல் வந்தால் போதும், நாத்தனார் போன் பண்ணிவிடுவாள். மொக்கு அரகொறயா நிக்கிது, அதான் பாப்பாவுக்கு இப்படி என்பாள். எனக்குச் சாமி கும்பிடுகிற பழக்கம் உண்டு, சாமி கணக்குப் பார்க்கிறவர் என்ற நம்பிக்கை கிடையாது. அதனால் சிரித்துவிட்டு போனை வைப்பேன். பிறகு சமையலறையில் பாத்திரத்தை உருட்டுவேன்.

ஒன்பது வயது ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் அவளுக்கு டெங்கு வந்தது. பிறந்த அதே ஆஸ்பத்திரி. காலையில் ரத்தம் எடுப்பார்கள், மாலையில் எடுப்பார்கள், தட்டணுக்கள் குறைந்துகொண்டே வந்தன. சொந்தக்காரர்கள் எல்லாரும் பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாள் டாக்டர், ஒன்பது வருடத்துக்கு முன்னால் வேறொருவர் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னார். இன்னும் எதுவும் சொல்ல முடியாது.

வெளியே வந்தேன். என் வீட்டுக்காரர் அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை.

“போங்க” என்றேன். “இப்பவே போய் அந்த மெட்டுங்கள முடிச்சிட்டு வாங்க. எனக்கு நம்பிக்க இல்ல. உங்களுக்கு இருக்குது இல்ல? நீங்க வாய் தொறந்து கேட்டீங்க, அவரு குடுத்தாரு. ஒரு தபா, ஒரே ஒரு தபா, எதயாவது முழுசா செஞ்சிட்டு வாங்க.”

“மாட்டேன்” என்றார்.

“முட்டி வலிக்குதா?”

“முட்டி நல்லாதான் கீது. எப்பவும் நல்லாதான் இருந்திச்சி.”

 அவர் மலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“மொத வருசம் நெஜமாவே முடிக்கலாம்னுதான் போனேன். காலி கோபுரத்துல ஒக்காந்துக்கினு யோசிச்சேன். பாக்கி கீற வரிக்கும் அவரு நம்மளயே பாத்துக்கினு இருப்பாரு. இவன் வருவான், இன்னும் வெக்கல, வருவான்னு. முடிச்சிட்டா அவ்ளோதான், வேற ஆளப் பாக்கத் திரும்பிக்குவாரு. எத்தினி பேர் வராங்க அவர்கிட்ட. அப்புறம் இவள யாரு பாக்கறது?”

“அப்போ மழ?”

“தூறல்தான்.”

“லிஃப்டு?”

“லிஃப்டு நெஜம்.”

எனக்கு அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவர் பக்கத்தில் உட்கார வேண்டும் போலவும் இருந்தது. உட்கார்ந்தேன். எட்டு வருடமாக நான் சோம்பேறித்தனம் என்று நினைத்துத் திட்டியதெல்லாம் பயம். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன் என்று அவருக்குத் தெரியும், அதுவும் சரிதான். பயித்தியமா உங்களுக்கு என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

மறுநாள் எண்ணிக்கை ஏறியது. அந்த வாரக் கடைசியில் அவளை வீட்டுக்கு அழைத்துவந்தோம். மொக்கைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. அது அப்படியே கிடக்கட்டும் என்று நானும் விட்டிருப்பேன்.

விடாமல் செய்தவள் மகள்தான். புத்தூரில் ஒரு கல்யாணம். பந்தியில் சாம்பார் வாளிக்காரர் மேல் மோதி இவள் பாவாடையெல்லாம் கொட்டிக்கொண்டாள். நாத்தனார் பக்கத்தில் இருந்தவளிடம், நெல தக்குவ பொண்ணு, மொக்கும் இன்னும் அரகொறதான், அப்பிடித்தான் இருக்கும் என்று சொல்லியிருக்கிறாள். மெதுவாகத்தான் சொன்னாளாம், ஆனால் மகள் காதில் விழுந்துவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த மகள் என்னிடம் கேட்கவில்லை, அவரிடம் கேட்டாள்.

“நைனா, நா அரகொறயா?”

“யாரு சொன்னது?”

“நீ மொக்கு முடிச்சிட்டா நா முழுசா ஆயிடுவேனா?”

அவர் ரேணிகுண்டா தாண்டும்வரை சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மொக்கை முடித்தால் சாமி திரும்பிக்கொள்வார், முடிக்காவிட்டால் இவள் தன்னைப் பாதி என்று நினைத்துக்கொண்டே வளர்வாள். நல்ல நியாயம். மறுநாள் வேலை முடிந்து வரும்போது ஒரு கிலோ மஞ்சளும் அரைக் கிலோ குங்குமமும் வாங்கிவந்து மேசையில் வைத்தார்.

“மூணு பேரும் போலாம்” என்றார்.

சிறுத்தை நடமாட்டம் வந்த பிறகு பிள்ளைகளை மத்தியானத்துக்கு மேல் நடைபாதையில் விடுவதில்லை. விடிவதற்குள் அலிபிரியில் நின்றோம். அவர் மஞ்சள் தடவினார், நான் குங்குமம் வைத்தேன், மகள் எண்ணினாள். எண்ணூற்றுச் சொச்சத்தில் ஒரு குரங்கு வந்து எண்ணிக்கையைக் கெடுத்துவிட்டது. அதற்குப் பிறகு சும்மா வந்தாள். காலி கோபுரத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். உட்காரவில்லை, தண்ணீர் குடித்துவிட்டு மேலே போனார். மான் பூங்கா வந்தது. செருப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெயில் ஏறியது. என் இடுப்பு என்னுடையதாக இல்லை. கை இரண்டும் கல்யாண வீட்டுக் கை மாதிரி ஆகிவிட்டன. ரோடு ஓரமாக வருகிற படிகளையும் விடவில்லை. ஏறி வருகிற ஜனங்கள் அவரைக் குனிந்து பார்த்துவிட்டு கோவிந்தா என்று சொல்லிக்கொண்டு போனார்கள். சிலர் அவர் வைத்த பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எட்டு வருடம் ஏமாற்றியவர் என்று அவர்களிடம் நான் சொல்லவில்லை.

முழங்கால் படிகள் என்று கடைசியில் ஒரு செங்குத்து உண்டு. மோகால மிட்ட என்பார்கள். சிலர் அங்கே முழங்காலாலேயே ஏறுவார்கள். அதில் கால்வாசி போவதற்குள் அவர் வேகம் குறைந்துவிட்டது. களைப்பு என்று நினைத்தேன். அதைத் தாண்டி மேலே வந்தோம். மகள் எங்களுக்கு முன்னால் ஓடிவிட்டாள், மேலே கடை தெரிந்துவிட்டது. பத்துப் படி இருந்தது. ஐந்து இருந்தது. அவர் ஒவ்வொன்றுக்கும் கல்யாணப் பெண்ணுக்கு நலங்கு வைப்பதுபோல அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். கடைசிப் படிக்கு முந்தின படியில் மஞ்சளைத் தடவிவிட்டு அப்படியே குந்தி உட்கார்ந்தார். அந்தப் பொட்டை நான் வைத்தேன்.

“நீயே வெச்சிடு” என்று டப்பாவை என்னிடம் நீட்டினார். “என்னால ஆவாது.”

வாங்கிக்கொண்டேன். எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. எனக்குத்தான் நம்பிக்கை கிடையாதே. மஞ்சளைத் தொட்டுக் கடைசிப் படிக்குக் குனிந்தேன். அது வெறும் கல். ஜனங்கள் ஏறி ஏறி நடுவில் தேய்ந்திருந்தது. மேலே மகள் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, கழுத்தை நீட்டிக் கடையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டை காலர் ஒரு பக்கம் உள்ளே மடங்கியிருந்தது. கை அந்தக் கல்லுக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது, கீழே போகவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

விரலில் இருந்த மஞ்சளை என் கழுத்துத் தாலியில் தடவிக்கொண்டு டப்பாவை மூடினேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

மகள் திரும்பினாள்.

“அம்மா, எல்லா மெட்டும் முடிஞ்சிடிச்சா?”

“முடிஞ்சிடிச்சி” என்றேன். “ஒண்ணு விடாம.”

“அப்போ நா முழுசா?”

“முழுசுதான்டி. நீ எப்பவும் முழுசுதான்.”

அவள் கையைத் தட்டிக்கொண்டு கடைக்கு ஓடினாள். அவர் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். இரண்டு பேரும் புடவையையும் வேட்டியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு படியை மிதிக்காமல் தாண்டி மேலே போனோம்.